கல்யாண வீட்டுப் படங்களில் வெளிச்சக் கோளாறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று வீட்டு விசேஷங்களைப் படம் எடுப்பதுதான் என் தொழில். புதிதாகக் கேமரா வாங்கிய தம்பி தங்கைகள் படத்தை அனுப்பி, "அண்ணே, இதுக்கு என்ன செட்டிங் வைக்கணும்?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "லைட்டு எந்தப் பக்கம் இருந்துச்சு?" பாதிப் பேருக்கு அது நினைவில் இருக்காது. கேமராவின் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

அதனால் கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் ஒரே வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் ஆளை நகர்த்த முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் விளக்கை நகர்த்துங்கள், அல்லது அணையுங்கள். அதுவும் முடியாதபோது கேமராவில் கை வையுங்கள். ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) ஏற்றிச் சரிசெய்யப் பார்க்கும் பல கோளாறுகள், ஆள் இரண்டடி தள்ளி நின்றாலே போய்விடும்.

இன்னொன்று, கை சோதனை. படம் எடுக்கப்போகும் இடத்தில் உங்கள் கையை முஷ்டியாக மடக்கி, முகத்தின் உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். நீங்கள் மெதுவாகச் சுற்றுங்கள். விரல் முட்டிகளின் நிழல் எங்கே கறுப்பாக விழுகிறது, எங்கே கரைந்துபோகிறது என்று பாருங்கள். மூக்கின் நிழலும் கண்குழியின் நிழலும் அதே மாதிரிதான் விழும். மணப்பெண் அலங்காரம் முடித்து வருவதற்கு முன்பே இதைச் செய்து வைத்துவிடலாம்.

முகம் கறுத்துப்போய், ஜன்னல் மட்டும் வெளுத்து நிற்கிறது

வெளிச்சம் ஆளுக்குப் பின்னால் இருக்கிறது, அவ்வளவுதான். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் தனக்கு முன்னால் இருப்பதையெல்லாம் ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஜன்னல் பளீரென்று இருப்பதால், "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்து எல்லாவற்றையும் குறைத்துவிடும். முகம் பலியாகிறது.

ஆளைத் திருப்புங்கள். ஜன்னல் அவருடைய ஒரு பக்கத்தில் வரட்டும், முகம் பாதி ஜன்னலை நோக்கட்டும். நீங்கள் ஜன்னல் இருக்கும் சுவரை ஒட்டி நில்லுங்கள். காரைக்குடிப் பக்கம் ஒரு சாந்தி கல்யாணத்துக்குப் போயிருந்தேன். எண்பது வயது ஆச்சியை முகப்பில் உட்காரவைத்திருந்தார்கள். அவருக்குப் பின்னால் தெருவே வெயிலில் வெளுத்துக் கிடந்தது. "ஆச்சி, வளவுக்குள்ள வந்து இந்தத் தூணோரமா உக்காருறீங்களா?" என்று கேட்டேன். மேலே திறந்த முற்றம். வெயில் நேராக விழும் கல்தரையிலிருந்து மூன்றடி உள்ளே, நிழலில் நாற்காலி போட்டோம். தரையில் பட்ட வெயில் கீழிருந்து எழும்பியது. மேலே தெரிந்த வானம் நெற்றியில் விழுந்தது. காதோரச் சுருக்கங்கள், பழைய வைரத்தோடு, கண்ணுக்குள் முற்றத்தின் சதுரம், எல்லாம் வந்தன. பிளாஷைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

முற்றம் இல்லாத வீட்டில் வாசல்படி போதும். நிலைக்கு இரண்டடி உள்ளே, வெளியே பார்த்தபடி ஆளை நிறுத்துங்கள். மேலே கூரை இருப்பதால் உச்சி வெளிச்சம் விழாது. எதிரே வானம் இருப்பதால் முகம் நிறையும். வாசலை விட்டு உள்ளே போகப் போக வெளிச்சம் குறையும், நிழலும் கடினமாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வெளிச்சம் வரும் பரப்பு, ஆளின் பார்வைக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு மென்மை.

நகர்த்த முடியாத இடமென்றால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) பிளஸ் 1 முதல் 2 வரை ஏற்றுங்கள். போனில் முகத்தைத் தொட்டு, வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் அதே வேலை. ஜன்னல் வெளுக்கும், பரவாயில்லை.

இதே கோளாறை வேண்டுமென்றே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். ஜன்னலுக்கு எக்ஸ்போஷர் வைத்து முகத்தை முழுக்கக் கறுப்பாக விட்டால் நிழலுருவப் படம். அப்போது ஆள் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். மூக்கும் உதடும் தாடையும் தனியாகத் தெரிய வேண்டும். இரண்டு பேர் என்றால் இருவருக்கும் நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு சிறு இடைவெளி இருக்கட்டும். ஒட்டி நின்றால் ஒரே கறுப்புப் பொதியாகத்தான் வரும்.

வெளியே எடுத்தால் கண் இரண்டும் குழி, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல்

உச்சி வெயில். நம் ஊரில் இது குளிர்நாடுகளைவிடக் கடுமை. கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் தலைக்கு மேல் வந்துவிடுகிறது. ஆகஸ்ட் வாக்கில் திரும்ப ஒருமுறை. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய பாடங்களில் "மதியம் சூரியனைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று இருக்கும். சித்திரையில் நமக்குப் பக்கவாட்டே கிடையாது.

மரநிழல், தாழ்வாரம், பந்தலின் ஓரம், இவற்றில் ஏதாவது ஒன்றுக்குக் கூட்டிப்போங்கள். மரநிழலில் இலை இடுக்கு வழியாக விழும் வெயில் புள்ளிகள் முகத்தில் படாமல் பாருங்கள். ஒரு கன்னத்தில் வட்டமாக ஒரு புள்ளி விழுந்தால் பிறகு மென்பொருளில் சரியாக எடுப்பது கஷ்டம். நிழலே இல்லாத மைதானமா? இரண்டு பேர் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துத் தலைக்கு மேலே பிடித்தால் போதும். எட்டு முழ வேட்டி அருமையான டிப்யூசர் (வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் திரை). கூடவே ஒரு தெர்மாகோல் பலகையை இடுப்புக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் கண்குழி நிறையும். சினிமாப் படப்பிடிப்பில் வருடக்கணக்காகத் தெர்மாகோலைத்தான் பிடிக்கிறார்கள்; ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் ஒரு பலகையை வண்டியில் எப்போதும் வைத்திருங்கள்.

மாலை வெளிச்சத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் அட்சரேகையில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கும். அடிவானத்துக்கு ஆறு டிகிரி மேலே இருக்கும் சூரியன் இருபத்தைந்து நிமிடத்தில் மறைந்துவிடும். பொன்வெயில் ஒரு மணி நேரம் இருக்கும் என்று நம்பி, பெண்ணும் மாப்பிள்ளையும் உடை மாற்றப் போனால் திரும்பி வரும்போது இருட்டிவிடும். ஐந்து மணிக்கே இடத்தில் நிற்க வேண்டும்.

ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் நீலம். அல்லது முகமே பச்சை

மண்டபங்களில் மிக அதிகமாகக் கேட்கும் புகார் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மேடையில் 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு; எண் குறைந்தால் மஞ்சள், ஏறினால் நீலம்) அளவில் மஞ்சள் எல்இடி. கூரையில் 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட். வீடியோக்காரரின் லைட் 5600. பக்கவாட்டுக் கதவு வழியாகப் பகல் வெளிச்சம். இவ்வளவும் ஒரே முகத்தில் விழுகின்றன. நம் மூளை எல்லாவற்றையும் வெள்ளை என்று சமாதானம் செய்துகொள்ளும். கேமராவால் ஒரே ஒரு வெள்ளையைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதனால் எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் வொயிட் பேலன்ஸை எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் கெடும். மஞ்சளைச் சரிசெய்தால் மற்றது நீலமாகும்.

மருந்து: முகத்தில் ஒரே நிற வெளிச்சம் விழும்படி செய்வது. மண்டப மேலாளரிடம் தன்மையாகக் கேட்டால், மேடைக்கு நேர் மேலே இருக்கும் டியூப்லைட்களை மட்டும் அணைத்துத் தருவார். அதிகாலை முகூர்த்தத்துக்கு முந்தின இரவே இதைப் பேசி, எந்தச் சுவிட்ச் எந்த விளக்கு என்று பார்த்துவிடுங்கள். தாலி கட்டும் நேரத்தில் சுவிட்ச் தேடிக்கொண்டிருக்க முடியாது. வீடியோக்காரரிடமும் பேசுங்கள். அவருடைய லைட் நிறம் மாற்றக்கூடியது என்றால் மேடை விளக்கின் அளவுக்கு 3200 பக்கம் இறக்கச் சொல்லலாம். இரண்டு பேர் படமும் பிழைக்கும்.

பிளாஷ் போடுகிறீர்களா? பிளாஷின் நிறம் ஏறத்தாழ பகல் வெளிச்சம், 5500 கெல்வின். மஞ்சள் மண்டபத்தில் அதை அப்படியே அடித்தால் முகம் வெள்ளை, பின்னணி ஆரஞ்சு. பிளாஷ் தலையில் ஆரஞ்சு நிற ஜெல் தாள் (வெளிச்சம் ஊடுருவும் நிறத் தாள்) ஒன்றை ஒட்டி, கேமராவை 3200இல் வைத்துவிடுங்கள். முகமும் மண்டபமும் ஒரே குடும்பமாக வரும். கையகலத் தாள்தான், ஆனால் நான் வாங்கியவற்றில் இந்த அளவுக்கு உழைத்த பொருள் வேறில்லை.

பச்சை முகத்துக்குக் காரணம் வேறு. பழைய டியூப்லைட்டிலும் மலிவான எல்இடியிலும் பச்சை தூக்கலாக இருக்கும். கெல்வினை ஏற்றி இறக்கினால் அது போகாது. டின்ட் என்ற இன்னொரு பட்டையை மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் தள்ள வேண்டும். சொந்தமாக விளக்கு வாங்கும்போது டப்பாவில் சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதற்குக் கீழே போகப் போகத் தோலின் சிவப்பு செத்துப்போகும். நம் மாநிறத் தோலின் அழகே அந்தச் செம்மையில்தான் இருக்கிறது; அதை இழக்கக் கூடாது.

விளக்கே இல்லாத பகல் நேரத்தில் முகம் நிறம் மாறினால் அண்ணாந்து பாருங்கள். சிவப்புப் பந்தல் துணி வழியாக வரும் வெயில் எல்லார் முகத்தையும் குங்குமத்தில் முக்கி எடுக்கும். நீலத் தார்ப்பாய் என்றால் பிணக்களை. இதை வொயிட் பேலன்ஸால் முழுக்கத் திருத்த முடியாது, ஏனென்றால் மற்ற நிறங்கள் வடிகட்டப்பட்டு வந்து சேரவே இல்லை. பந்தலின் விளிம்புக்கு வந்து, திறந்த பக்கம் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். பச்சைப் புல்வெளியில் தாடைக்குக் கீழே பச்சை ஏறினால் காலடியில் அந்த வெள்ளை வேட்டியை விரியுங்கள்.

நிறங்கள் கலப்பதே படமாகும் நேரமும் உண்டு. சூரியன் மறைந்தபின் வீட்டு வாசல்: வெளியே நீலம், உள்ளே குண்டு பல்பின் மஞ்சள். வொயிட் பேலன்ஸை 4000 வாக்கில் நடுவில் வைத்தால் இரண்டும் தங்கும். முகம் மட்டும் ஏதாவது ஒரு நிறத்துக்குள் முழுக்க இருக்கட்டும்.

படத்தில் வரி வரியாகக் கறுப்புப் பட்டை

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப்லைட்டும் பல எல்இடிகளும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. ஷட்டரை (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு) 1/100 அல்லது 1/50 நொடி திறந்து எடுத்தால் ஒரு முழுத் துடிப்பாவது உள்ளே வந்துவிடும், பட்டை வராது. 1/500 வைத்தால் துடிப்பின் ஒரு துண்டுதான் மாட்டும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இது இன்னும் மோசம். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். ஆன்டி பிளிக்கர் (விளக்குத் துடிப்பைச் சமாளிக்கும்) வசதி உள்ள கேமராவில் அதைப் போட்டு வையுங்கள். டொராண்டோவில் இருக்கும் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போகிறீர்கள் என்றால் அங்கே 60 ஹெர்ட்ஸ்: 1/60 அல்லது 1/120. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் நம்மைப் போல 50தான்.

மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி திரையும் மங்கலாக்கப்பட்ட அலங்கார விளக்கும் தங்கள் சொந்த வேகத்தில் துடிக்கும். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஷட்டரை ஒவ்வொரு படியாக மாற்றி, பட்டை மறையும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பிளாஷ் போடும்போது மட்டும், படத்தின் ஒரு ஓரத்தில் ஒரே ஒரு தடித்த கறுப்புப் பட்டை வருகிறதா? அது வேறு நோய். ஷட்டர் வேகம் பிளாஷின் சிங்க் வேகத்தை, அதாவது பிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகத்தை, தாண்டிவிட்டது. பெரும்பாலான கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250. அதற்குக் கீழே இறங்குங்கள், இல்லாவிட்டால் ஹை ஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரோடும் பிளாஷை ஒத்துப்போக வைக்கும் வசதி) போடுங்கள்.

பிளாஷ் போட்டால் முகம் சுண்ணாம்பு, பின்னால் கும்மிருட்டு

வெளிச்சம் தூரம் போகப் போக எவ்வளவு வேகமாகச் சாகிறது என்பதை நம் கண் உணர்வதில்லை. தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்வாசி. இரண்டு மீட்டரில் நிற்கும் மணமக்களுக்குப் பிளாஷ் சரியாக இருந்தால், நான்கு மீட்டரில் நிற்கும் மாமாவுக்குக் கால் பங்கு, எட்டு மீட்டரில் உட்கார்ந்திருக்கும் சனத்துக்குப் பதினாறில் ஒரு பங்கு. பின்னணி கறுப்பதற்கு இதுதான் காரணம். முகம் சுண்ணாம்பாவதற்குக் காரணம், வெளிச்சம் தீப்பெட்டி அளவு இடத்திலிருந்து, லென்ஸுக்கு நேர் மேலிருந்து வருவது. நிழல் எல்லாம் முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மூக்குக்கு உருவமே இருக்காது.

முதல் வேலை, பிளாஷின் தலையைத் திருப்புங்கள். வெள்ளைக் கூரை இருந்தால் மேலே. அதைவிட நல்லது, பக்கத்து வெள்ளைச் சுவர். சுவரே ஒரு பெரிய ஜன்னல் ஆகிவிடும். மேலே மட்டும் அடித்தால் கண்குழி திரும்ப வரும் என்பதால் நான் எப்போதும் பக்கவாட்டுக்கும் பின்னுக்கும் கொஞ்சம் சாய்ப்பேன். ஆனால் சுவரின் நிறத்தைப் பாருங்கள். நம் வீடுகளில் ரோஸும் பச்சையும் அதிகம்; எதில் பட்டுத் திரும்புகிறதோ அந்த நிறம் முகத்தில் ஏறும். மரச்சட்டம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை வெளிச்சத்தை விழுங்கிவிடும். அங்கேயும் தெர்மாகோல்தான்: பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி, பலகையில் அடியுங்கள்.

இந்தப் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா, 1956இல் வந்த 'அபராஜிதோ' படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் செட் போட்டபோது, மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதில் அடித்துத் திருப்பினார். முற்றத்தில் வானத்திலிருந்து விழும் நிழலற்ற வெளிச்சம் அப்படியே வந்தது. காரைக்குடி ஆச்சிக்கு முற்றம் சும்மா கொடுத்ததை அவர் ஒரு துணியால் உண்டாக்கினார். நீங்கள் சுவரில் பிளாஷ் அடிக்கும்போது செய்வதும் அந்த வேலைதான்.

இரண்டாவது வேலை, பின்னணியை மீட்பது. பிளாஷ் முகத்தைப் பார்த்துக்கொள்ளும். மண்டபத்தை ஷட்டர் பார்த்துக்கொள்ளட்டும். ஐஎஸ்ஓ 1600, லென்ஸ் துளை எஃப் 2.8, ஷட்டர் 1/60 என்று தொடங்கிப் பாருங்கள். பிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்து, மண்டபம் ஒன்று ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) இருட்டாக வரும்படி வைத்துக்கொண்டு, அப்புறம் பிளாஷை ஆன் செய்யுங்கள். தோரணமும் சரவிளக்கும் திரும்பி வரும்.

கண் சிவந்து தெரிவதும், மூக்குக்கண்ணாடியில் வெள்ளைப் பொட்டு விழுவதும் இதே நேரடி பிளாஷின் பிள்ளைகள். பிளாஷின் தலையைத் திருப்பினால் சிவப்புக் கண் போய்விடும். கண்ணாடிக்காரரின் தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுங்கள், அல்லது கண்ணாடியின் காதுக்கம்பியை ஒரு நூலளவு உயர்த்திவிடுங்கள்.

ஹோமப் புகை வெள்ளைத் திரையாக வந்து முகத்தை மறைக்கிறது

நேரடி பிளாஷ் முதலில் சந்திப்பது உங்களுக்கும் மணமக்களுக்கும் நடுவில் இருக்கும் புகையைத்தான். அதைத்தான் பிரகாசமாக்கும். பிளாஷை அணையுங்கள். புகை நெய் விட்டதும் எழும், சில நொடியில் விலகும். மந்திரத்தின் போக்கைக் கொஞ்சம் கவனித்தால் எப்போது நெய் விழும் என்று தெரிந்துவிடும். இதே காரணத்தால்தான் தூசியிலும் தூறலிலும் எடுத்த பிளாஷ் படங்களில் வெள்ளை வட்டங்கள் மிதக்கின்றன. சிலர் அதை ஆவி என்று பயப்படுவார்கள். லென்ஸுக்கு வெகு அருகே பறந்த தூசி, பாவம்.

ஆனால் புகை எதிரியல்ல. வெளிச்சம் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வந்தால் அதே புகை கதிர்களாக எழுந்து நிற்கும். கிழக்கு வாசல் மண்டபத்தில் காலை ஏழு மணி முகூர்த்தம் என்றால் நான் மேற்கே, மேடையின் ஓரத்தில் போய் நின்றுகொள்வேன். கதவு வழியாக வரும் வெயில் புகைக்குள் சாய்கோடுகளாக இறங்கும், குனிந்திருக்கும் பெண்ணின் நெற்றிச்சுட்டி அதில் மின்னும். அந்த இடத்தில் முகம் கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் நான் தொடமாட்டேன்.

அரக்குப் பட்டு சிவப்புச் சாயம் கொட்டியது போல இருக்கிறது; நகை கறுப்படிக்கிறது

பட்டில் நெசவே தெரியாமல் சிவப்பு ஒரே பாளமாக வந்தால், சிவப்பு நிறம் மட்டும் அளவு மீறிவிட்டது. மொத்த ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சரியாகத்தான் காட்டும். மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள், சிவப்பு வலது சுவரில் மோதிக்கிடக்கும். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து, ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) எடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் புட்டாவும் கரையும் தனியாக எழும்பும். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி சாம்பலாக வருவது இதற்கு நேர் எதிர்: மீட்டர் வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கிறது, பிளஸ் 1 கொடுங்கள்.

தங்கம் ஒரு கண்ணாடி. தனக்கு எதிரே இருப்பதைத்தான் காட்டும். எதிரே இருட்டு அறையும் கறுப்புச் சட்டை போட்ட நீங்களும் இருந்தால் ஆரம் கறுப்பாகத்தான் தெரியும். எதிரே ஒரு வெள்ளைப் பரப்பை வையுங்கள், அதில் விளக்கு விழட்டும், தங்கம் நிறையும். முழுக்க வெள்ளையாகிவிட்டால் வடிவம் கரையும், அப்போது ஒரு கறுப்பு அட்டைக் கீற்றை ஓரத்தில் காட்டினால் விளிம்பு வரும். வைரத்துக்கு இது பொருந்தாது. கல் மினுங்க வேண்டுமானால் சின்னதாக, கூராக ஒரு வெளிச்சம் வேண்டும். ஆகவே அட்டிகைக்குத் தெர்மாகோல், தோட்டுக்கு ஓரத்தில் ஒரு சின்ன டார்ச், இரண்டும் ஒன்றாக.

கார்த்திகை விளக்கு வெடித்து வெளுக்கிறது, வானம் கரியாகிறது

நேரம் தப்பிவிட்டது. சூரியன் மறைந்து பத்து நிமிடத்திலிருந்து இருபத்தைந்து நிமிடம் வரைதான் வானத்தின் நீலமும் அகலின் மஞ்சளும் சம பலத்தில் நிற்கும். அதற்கு முன் விளக்கு எடுபடாது. பின்னால் வானம் இருக்காது. பெரியவர்களிடம் சொல்லி, வாசல் வரிசையை மட்டுமாவது கொஞ்சம் முன்னதாக ஏற்றச் சொல்லுங்கள்.

விளக்கேற்றும் பெண்ணின் முகம் இருட்டாக வந்தால், அகல் தூரத்தில் இருக்கிறது. முகத்துக்கு ஒரு அடிக்குள் வர வேண்டும். காற்றுக்கு மறைப்பதுபோல உள்ளங்கையைச் சுடருக்கும் கேமராவுக்கும் நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள். சுடர் லென்ஸில் படாது. வெளிச்சம் முழுக்க முகத்தில் விழும். விரல் இடுக்குகள் செக்கச்செவேலென்று ஒளிரும். போதவில்லை என்றால் படத்துக்கு வெளியே நாலைந்து அகலை நெருக்கமாக வைத்தால் ஒரே பெரிய விளக்காக வேலை செய்யும். தாவணியும் கூந்தலும் நெருப்பிலிருந்து விலகியே இருக்கட்டும், ஒரு ஆளைக் கூடவே நிறுத்துங்கள்.

இந்த நேரத்தில் படம் ஆடிப்போவதும் சகஜம். சுவரும் சேர்ந்து ஆடியிருந்தால் உங்கள் கை, டிரைபாட் வையுங்கள். சுவர் கூர்மையாக இருந்து ஆள் மட்டும் கலங்கியிருந்தால் அவர் அசைந்திருக்கிறார். ஷட்டரை வேகமாக்கி ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். கம்பி மத்தாப்பில் அந்தக் கலங்கலே வேண்டும்: டிரைபாட்டில் ஐந்தாறு நொடி திறந்து வைத்து, பிள்ளையை வட்டம் சுற்றச் சொல்லி, முடியும்போது சன்னமாக ஒரு பிளாஷ். கோலம் போல ஒளிக்கோடும் அதற்குள் கூர்மையான சிரிப்பும் வரும்.

படம் முழுக்கப் பால் ஊற்றியது போல மங்கல்

லென்ஸின் மேல் பக்கவாட்டில் கையை வைத்து நிழல் கொடுங்கள். தெளிந்தால், விளக்கு நேராக லென்ஸுக்குள் விழுகிறது, ஹுட் (லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பு) மாட்டுங்கள். விளக்குக்கு எதிர்மூலையில் பச்சைப் பொட்டு தெரிந்தால் முன்னால் மாட்டிய ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். போன் என்றால் சட்டை நுனியால் ஒருமுறை துடையுங்கள், எண்ணெய் விரல்தான் காரணமாக இருக்கும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்த உடனே மங்கினால் அது லென்ஸின் வேர்வை, குளிர்ந்த கண்ணாடியில் படியும் ஈரம். துடைக்கத் துடைக்க வரும். மூடிய பையோடு இருபது நிமிடம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் படத்தில் உயிர் இல்லை

எக்ஸ்போஷர் சரி, நிறம் சரி, கூர்மை சரி. பாஸ்போர்ட் படம் மாதிரி இருக்கிறது. இந்தப் புகாரோடு வருபவர்களைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும்.

காரணம், வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. நாலு சுவரிலும் டியூப்லைட், கூரையில் எல்இடி, ஜன்னல் திரை திறந்து கிடக்கிறது. நிழல் விழ இடமில்லை. மணப்பெண் அறையில் போனவுடன் நான் செய்வது, அலங்காரம் செய்யும் அக்காவிடம் கேட்டுவிட்டு, "அஞ்சு நிமிஷம் லைட்டை அணைச்சுக்கட்டுமா?" என்று எல்லாச் சுவிட்சையும் அணைப்பதுதான். முதலில் எல்லாரும் "அய்யோ, இருட்டா இருக்கே" என்பார்கள். அரை நிமிடம் பொறுங்கள், கண் பழகும். ஒரே ஒரு ஜன்னல் மட்டும் பேச ஆரம்பிக்கும். பெண்ணை அதன் பக்கமாக முக்கால்வாசி திருப்பி உட்காரவையுங்கள். தூரத்துக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாக வெளிச்சம் தங்கும் வரை முகத்தை அங்குலம் அங்குலமாகத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டு கண்ணிலும் ஜன்னலின் வெள்ளைக் கட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். நிழல் பக்கம் மிகவும் கறுத்தால், அம்மாவைத் தாம்பாளத்தை எடுத்து அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள். பித்தளையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மஞ்சள் பூசியது போல அந்தக் கன்னத்தில் ஏறும். அம்மாவும் பெண்ணும் அப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஷட்டரில் விரல் தயாராக இருக்கட்டும்.